ஒரு மாலையில் மூன்று நாடகங்கள்



சிறு நாடகம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது பாடசாலைப் பரிசளிப்பு விழாவாகும். தலைவருரைக்கும் நன்றியுரைக்கும் இடையே எஞ்சி நிற்கும் அரைமணி நேரத்தை நிரப்புவதற்காக, மாணவர் சிலர் ஒட்டுத்தாடியும் காகிதக் கிரீடமும் அணிந்து வந்து நடித்துப் போவார்கள். பெரிய நாடகம் எழுத ஆற்றல் இல்லாதவர் எழுதுவதே சிறு நாடகம் என்னும் எண்ணமும் நம்மிடையே உண்டு. ஆசிரியத் தொழிலில் இருப்போர் பலர் ஆண்டுதோறும் இத்தகைய நாடகங்களை மேடையேற்றி வருகின்றோம். ஆயினும் அவற்றின் இயல்பு யாது, ஆற்றல் யாது என்று நின்று சிந்திப்பதற்கு நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. இன்று அதனைச் சிறிது சிந்திப்போம்.

பொதுப்பட இலக்கணம் கூறுவதினும் உண்மையாக நிகழ்ந்த ஒரு மாலைப்பொழுதை எடுத்து நோக்குதல் நன்று. இடம், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின். நாள், 1904ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 27ஆந் திகதி. அன்று மாலையிலே அபே தியேட்டர் என்னும் நாடக அரங்கு முதன்முதலாகத் திறக்கப்பெற்றது. மூன்று நாடகங்கள் நடிக்கப்பெற்றன. மூன்றும் சிறு நாடகங்கள். அவற்றை எழுதியோர் இறந்துபோன பெரும்புலவர் அல்லர்; அந்நாட்டிலே அன்று வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர்கள்.

அக்காலத்து இலண்டன் நாடகசாலைகளிலே சிறு நாடகத்துக்கும் ஓரிடம் இருந்தது. அது வாயிற்காவலன் இடம் போன்றது. செல்வர் இராப்போசனத்தை முடித்துக்கொண்டு தாமதித்தே வருவர். அவர் வந்து அமரும் வரையில், முன்னரே வந்து காத்திருக்கும் எளியோரை மகிழ்விப்பதற்கு ஒரு சிறு நாடகம் நடித்துக் காட்டுவர். பின்னர் முழுநீள நாடகம் தொடங்கும். அதற்காகவே மக்கள் சீட்டுப் பெற்றனர். முன்னே நடந்ததை எவரும் பொருட்படுத்தினாரல்லர்.

டப்ளின் நகரத்து நாடகசாலைகளுக்கோ பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து சுற்றிவரும் குழுக்களே வந்தன. அக்குழுக்களின் நாடகங்களில் ஐரிஷ்காரன் ஒருவன் தோன்றினானாயின், அவன் குடித்துவிட்டு உளறும் கோமாளியாகவே பெரும்பாலும் காட்டப்பெற்றான். தன் நாட்டுத் தலைநகரிலே பணங்கொடுத்துச் சென்று, தன்னைப் பிறர் எள்ளி நகையாடுவதைப் பார்த்துத் தானுஞ் சிரித்துவிட்டு வீடு திரும்புதல் அந்நாட்டு மக்களின் நிலையாயிற்று. பிறருடைய ஆட்சியின்கீழ் இருந்த மக்களுக்கு இந்நிலை புதியதன்று. நாமும் அதனை அறிவோம்.

இதனை மாற்ற எண்ணினோர் சிலர். கவிஞராகிய வில்லியம் பட்லர் யேற்ஸ், கிறெகரி சீமாட்டியார், எட்வேட் மாட்டின் ஆகியோர் 1897ஆம் ஆண்டிலே கூடிப் பேசி, 1899இல் ஐரிஷ் இலக்கிய அரங்கு என்னும் முயற்சியைத் தொடங்கினர். நாடகம் எழுத ஐரிஷ்காரர் இருந்தனர். நடிப்பதற்கோ இலண்டனிலிருந்து நடிகரை அழைக்க வேண்டியதாயிற்று. உள்ளூரிலே நடிகர் இல்லையா? இருந்தனர். வில்லியம் ஃபே, ஃபிராங்க் ஃபே என்னும் சகோதரர் இருவர் தொழில் முறையில் நடிகரல்லாத இளைஞரையும் யுவதிகளையும் சேர்த்து ஒரு குழுவை நடத்தி வந்தனர். வில்லியம் மின்சார வேலை செய்பவர். ஃபிராங்க் அலுவலகத்தில் எழுத்தர். குழுவிலிருந்த ஏனையோரும் பகலிலே கடைகளிலும் கந்தோர்களிலும் வேலைசெய்து, இரவிலே ஒத்திகை பார்த்தவர்கள்.

சிறு நாடகம் ஏன் அவர்களுக்கு உகந்த வடிவமாயிற்று என்பது இங்கே விளங்கும். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் ஐந்து அங்க நாடகத்தை மனப்பாடஞ் செய்து ஒத்திகை பார்த்தல் அரிது. ஓரங்க நாடகத்துக்கு ஓர் அறை போதும்; நான்கைந்து பாத்திரங்கள் போதும்; காட்சி மாற்றுஞ் செலவில்லை. நாடகம் எழுதிப் பழகாத எழுத்தாளனுக்கும் அது நல்லதொரு பயிற்சிக்களம். அவன் நாடகம் தோற்றுப்போயினும் அம்மாலை முழுவதும் தோற்றுப்போவதில்லை. அடுத்த நாடகம் அவையோரை மீட்டுக்கொள்ளும். ஏழ்மையினால் ஏற்றுக்கொண்ட வடிவம் கலைக்கே உரிய வடிவமாக மலர்ந்தது.

அரங்கு கிடைத்த கதையும் கேட்கத் தக்கது. இலண்டன் நகரத்துத் தேயிலை வணிகக் குடும்பத்திலே பிறந்தவர் அனி ஹோர்னிமன் என்னும் அம்மையார். இவர் இங்கிலாந்துக்காரர், ஐரிஷ் தேசிய இயக்கத்திலே பற்றில்லாதவர். ஆயினும் யேற்ஸின் கவிதையிலும் கலை நோக்கிலும் பெருமதிப்புக் கொண்டவர். தம் பொருளைக் கொடுத்து, அபே வீதியிலிருந்த தொழிலாளர் கல்விக்கழக மண்டபத்தையும், அதனை அடுத்திருந்த பழைய பிணவறைக் கட்டடத்தையும் பெற்று, இரண்டையும் சேர்த்து 562 பேர் அமரத்தக்க அரங்காக மாற்றுவித்தார். தேயிலையில் விளைந்த செல்வம் டப்ளினில் நாடகமாயிற்று. தேயிலை விளையும் நாட்டவராகிய நாம் இதனை நினைவிற் கொள்ளலாம்.

நாடகம் நடத்த அரசின் உரிமைப்பத்திரம் வேண்டும். ஹோர்னிமன் அம்மையார் அயர்லாந்தில் வசிப்பவரல்லராதலின், அது கிறெகரி சீமாட்டியார் பெயரிலே வழங்கப்பெற்றது. மற்றைய நாடகசாலைக்காரர் எதிர்த்தமையால் அவ்வுரிமையும் கட்டுப்பாடுகளோடு வந்தது. ஐரிஷ் எழுத்தாளரின் நாடகங்கள், அயர்லாந்தைப் பற்றிய நாடகங்கள், இங்கிலாந்தல்லாத பிறநாட்டு நாடகங்கள் ஆகியவற்றையே அங்கு நடிக்கலாம். போட்டியாளர் இட்ட வேலியே அவ்வரங்குக்குத் தனித்தன்மையைக் கொடுத்தது. இன்னொரு குறையும் இருந்தது. ஆறு பென்ஸ் இருக்கைகள் வேண்டா என்று ஹோர்னிமன் அம்மையார் தடுத்துவிட்டார். மக்களின் அரங்கு என்று சொல்லிக்கொண்டு ஏழை மக்களை வாயிலிலே நிறுத்துவதா என்று பலர் முணுமுணுத்தனர். அந்த மலிவான இருக்கைகள் பின்னரே இடம்பெற்றன.

இனி அம்மாலையின் மூன்று நாடகங்களுக்கு வருவோம்.

ஒன்று யேற்ஸ் எழுதிய ‘பெயிலின் கடற்கரை’. பழைய ஐரிஷ் வீரகாவியக் கதை. கூஹூலின் என்னும் வீரன் எவருக்கும் அடங்காதவன். அரசன் கொன்கோவர் அவனைத் தனக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்விக்கின்றான். அவ்வேளையிலே கடல்கடந்து வந்த இளைஞன் ஒருவன் கூஹூலினைப் போருக்கு அழைக்கின்றான். இளைஞனைக் கண்டதும் வீரனின் உள்ளம் அன்பினால் நெகிழ்கின்றது, நட்புக்கொள்ளவே விரும்புகின்றான். அரசனோ சத்தியத்தை நினைவூட்டிப் போர்செய்யத் தூண்டுகின்றான். இளைஞன் கொல்லப்படுகின்றான். கொன்றது தன் மகனையே என்பதை ஒரு மூடனும் ஒரு குருடனும் பேசிக்கொள்ளும் பேச்சிலிருந்து வீரன் அறிகின்றான். அறிவு திரிந்து, கடலலைகளோடு வாட்போர் புரிகின்றான். ஊரார் அனைவரும் அதனைப் பார்க்க ஓடுகின்றனர். வீடுகளில் ஆளில்லாத அந்நேரத்திலே மூடனும் குருடனும் அடுப்பிலிருக்கும் ரொட்டியைத் திருடப் போகின்றனர். அத்துடன் நாடகம் முடிகின்றது. பெருந்துயரத்தின் அருகே பசியை நிறுத்தியதனால், துயரம் குன்றாமல் இன்னும் ஆழ்ந்தது.

மற்றொன்று ‘கத்லீன் நி ஹூலிஹன்’. இது புதிய நாடகமன்று. 1902ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ஃபே சகோதரரின் குழுவினர் மோட் கொன் அம்மையாரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு முதன்முதல் நடித்தது. யேற்ஸ் பெயரில் வெளிவந்ததாயினும், அதன் பெரும்பகுதியை எழுதியவர் கிறெகரி சீமாட்டியாரே என்பதை ஆராய்ச்சியாளர் இன்று ஏற்றுக்கொண்டுள்ளனர். காலம் 1798, பிரெஞ்சுப் படை கில்லாலாக் கடற்கரையில் இறங்கிய நாள். ஒரு குடியானவன் வீட்டிலே மறுநாள் திருமணம். பெண் கொண்டுவந்த சீதனப் பணத்தைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கின்றனர். மணமகனுக்குரிய புத்தாடை ஆயத்தமாயிருக்கின்றது. அப்போது வழிப்போக்கியாகிய கிழவி ஒருத்தி உள்ளே வருகின்றாள். தன் வீட்டை அந்நியர் பறித்துக்கொண்டனர் என்கின்றாள். தன் நான்கு வயல்களையும் இழந்தேன் என்கின்றாள். அக்கிழவி அயர்லாந்து என்பதும், நான்கு வயல்கள் அந்நாட்டின் நான்கு மாகாணங்கள் என்பதும் அவையோருக்குச் சொல்லாமலே விளங்கும். மணமகன் மணத்தையும் மணமகளையும் மறந்து அவள் பின்னே போகின்றான். கிழவியைக் கண்டாயா என்று தந்தை இளைய மகனைக் கேட்க, அவன் தான் கண்டது அரசியின் நடையோடு சென்ற ஓர் இளம்பெண்ணை என்கின்றான். அரைமணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்தின் கதை ஒரு நாட்டின் கதையாகிவிடுகின்றது.

மூன்றாவது கிறெகரி சீமாட்டியாரின் ‘செய்தி பரவுதல்’. சந்தையில் நடக்கும் நகைச்சுவை நாடகம். ஜக் சிமித் என்பவன் தன் வைக்கோல் வாருங் கவைக்கோலை மறந்து விட்டுவிட்டுப் போகின்றான். பாட்லி ஃபலன் என்னும் சாதுவான மனிதன் அதனை எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுப்பதற்காக அவன் பின்னே ஓடுகின்றான். நிகழ்ந்தது இவ்வளவே. அப்பிள் விற்கும் கிழவிக்குக் காது மந்தம். கவைக்கோலுடன் ஒருவன் இன்னொருவனைத் துரத்தினான் என்பது அவள் வாயிலிருந்து புறப்படுகின்றது. ஜக்கின் மனைவி வேலியிலே துணி விரிக்கின்றாள் என்று யாரோ சொல்ல, அது பிணத்துக்கு விரிக்குந் துணியாகக் கேட்கின்றது. வாய்க்கு வாய் மாறி, பாட்லி ஜக்கைக் கொன்றுவிட்டான், அவன் மனைவியோடு ஓடிப்போகத் திட்டமிட்டான் என்றாகிவிடுகின்றது. ஊருக்குப் புதிதாக வந்த நீதவான் ஒருவர் இருக்கின்றார். முன்பு அந்தமான் தீவுகளில் வேலைபார்த்தவர். எதற்கெடுத்தாலும் அந்தமான் அநுபவத்தையே எடுத்துரைப்பவர். கொல்லப்பட்டவனே உயிரோடு நேரில் வந்து நின்றும் அவர் நம்பவில்லை, இருவரையும் கைதுசெய்விக்கின்றார்.

சிரிப்புக்கு இடையே ஓர் உண்மை நம்மைக் குத்துகின்றது. ஊராரின் பேச்சு மெய்யைவிட வலியதாகிவிட்டது. தம்மால் ஆளப்படும் மக்களை அறியாத அதிகாரியோ எல்லா மக்களையும் அந்தமான் கைதிகளாகவே காண்கின்றார். கிறெகரி சீமாட்டியார் இக்கதையை முதலில் துன்பியல் நாடகமாகவே எண்ணினாராம்; ஊர்ப் பேச்சினாலே நற்பெயர் இழந்து அழியும் ஒரு பெண்ணின் கதையாக அது அவர் உள்ளத்தில் தோன்றியது. ஆனால் உயர்ந்த கவிதை நாடகங்களின் அருகே வைப்பதற்கு நகைச்சுவை தேவைப்பட்டமையால் மாற்றி எழுதினார் என அவரே கூறியுள்ளார். அப்போது அவருக்கு வயது 52. ஐம்பதை அண்மிய வயதிலேதான் அவர் நாடகம் எழுதத் தொடங்கினார் என்பதை என்போன்ற வயதினர் ஆறுதலுடன் கேட்கலாம். திறப்பு நாளன்று அவர் நோயுற்றிருந்தமையால் அரங்குக்கு வரவில்லை. பணம் கொடுத்த ஹோர்னிமன் அம்மையாரும் வரவில்லை.

இம்மூன்றும் ஒரே மாலையில் அமைந்தமையின் பயன் யாது? ஒரு முழுநீள நாடகம் ஒரே நதி போல அவையோரைக் கொண்டு செல்லும். பல சிறு நாடகங்களோ ஒன்றோடொன்று உரையாடும். தந்தை கையால் மகன் இறந்ததைப் பார்த்த கண்ணே, நாட்டுக்காக மகன் வீட்டைவிட்டுப் போவதையும் பார்க்கின்றது. அதே கண் சந்தையில் ஒரு சொல் கொலைக்குற்றமாக வளர்வதையும் பார்க்கின்றது. வீரத்தைப் புகழ்ந்த நாடகத்தின் அருகே, மக்கள் எதையும் நம்பிவிடுவர் என்று எச்சரிக்கும் நாடகம் நிற்கின்றது. ஒரே எழுத்தாளன் தன் நாடகத்தில் ஒரு பக்கத்தைச் சொல்லுவான். பலர் கூடும்போது மறுபக்கமும் வந்துவிடுகின்றது.

சிறு நாடகத்தின் கட்டுக்கோப்பையும் இங்கே காணலாம். அது கதையின் தொடக்கத்திலே தொடங்குவதில்லை. முடிவுக்கு மிக அண்மையிலே தொடங்குகின்றது. திருமணத்துக்கு முதல்நாள், போருக்கு முந்திய வேளை, சந்தைநாள் காலை. பாத்திரங்களின் வரலாற்றை விரித்துரைக்க நேரமில்லை. ஆதலின் ஒரு பொருளே வரலாற்றைச் சொல்லவேண்டும். சீதனப் பணமும், கவைக்கோலும், அடுப்பிலிருக்கும் ரொட்டியும் அப்பணியையே செய்கின்றன. ஒரு செயல், ஒரு திருப்பம், ஒரு முடிவு. அதற்குமேல் ஒன்றைச் சேர்த்தாலும் பாரம் தாங்காது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கிறெகரி சீமாட்டியார் தம் ஊராகிய கில்டாற்றன் குடியானவர் பேசிய ஆங்கிலத்திலே எழுதினார். அது ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு ஊடுருவி நிற்கும் ஆங்கிலம். கற்றோர் இழிவென ஒதுக்கிய அப்பேச்சே மேடையில் அழகு பெற்றது. ஜோன் மிலிங்டன் சிங் என்பாரும் யேற்ஸின் தூண்டுதலால் அரன் தீவுகளுக்குச் சென்று, மீனவர் நடுவே தங்கி, அவர்தம் பேச்சைச் செவியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆண்மக்களையெல்லாம் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயைப் பற்றிய அவருடைய ‘கடலுக்குச் செல்வோர்’ என்னும் ஓரங்க நாடகம் 1904ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடிக்கப்பெற்றது. அபே அரங்கின் இரண்டாம் நாள் மாலையிலே, ‘கத்லீ’னுக்குப் பதிலாக அவருடைய ‘பள்ளத்தாக்கின் நிழலில்’ இடம்பெற்றது. அன்பில்லாக் கிழக்கணவனை விட்டு ஒரு பெண் வழிப்போக்கனுடன் வெளியேறும் கதை அது. 1903இல் அது முதலில் நடிக்கப்பெற்றபோது, ஐரிஷ் பெண்மையை இழிவுசெய்தது என்று சினந்து மோட் கொன் அம்மையார் முதலியோர் வெளிநடந்தனர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி இன்னும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. முதலில் ‘கடலுக்குச் செல்வோர்’ நடந்தது. அவையோர் உருகிக் கேட்டனர். பின்னர் அதே ஆசிரியரின் ‘பிளேபோய்’ என்னும் முழுநீள நாடகம் நடந்தது, அவையோர் கூச்சலிட்டனர். அடுத்த நாட்களிற் பொலிசாரை அழைக்க வேண்டியதாயிற்று. தம் துயரத்தை மேடையிற் கண்டு அழுத மக்கள், தம் குறையை மேடையிற் கண்டு பொறுத்தாரல்லர்.

இன்னொரு மாலையையும் குறிப்பிட வேண்டும். 1913ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, அதே அரங்கிலே இரண்டு சிறு நாடகங்கள் நடந்தன. ஒன்று வங்காளக் கவி இரவீந்திரநாத தாகூரின் ‘தபாற் கந்தோர்’. நோயினால் அறையிலே அடைபட்டிருக்கும் அமல் என்னுஞ் சிறுவன், சாளரத்தினூடே உலகைப் பார்த்துக்கொண்டு, அரசனிடமிருந்து கடிதம் வருமென்று காத்திருக்கின்றான். தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்குச் சில மாதங்களின் பின்னரே. மற்றது பட்றிக் பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதிய ‘அரசன்’. தீய அரசனால் வெல்ல முடியாத போரை மாசற்ற சிறுவன் ஒருவன் சென்று வென்று உயிர்விடுகின்றான். பியர்ஸ் ஒரு பாடசாலை அதிபர். சென் எண்டா என்னும் தம் பாடசாலையின் பணமுடையைத் தீர்ப்பதற்கு உதவியாகவே அம்மாலை அமைந்தது; ‘அரச’னில் நடித்தோர் அவருடைய மாணவர். இரண்டு நாடகங்களிலும் இறுதியில் ஒரு சிறுவன் கண்மூடுகின்றான். தாகூரின் சிறுவன் அமைதியை நோக்கிச் செல்கின்றான்; பியர்ஸின் சிறுவன் பலியை நோக்கிச் செல்கின்றான். அருகருகே வைக்கப்பட்ட இரு நாடகங்கள் எத்தனை பெரிய வினாவை எழுப்புகின்றன!

அவ்வினாவுக்கு விடை மேடைக்கு வெளியே வந்தது. 1916ஆம் ஆண்டு ஏப்பிரிலில் டப்ளினிலே எழுச்சி மூண்டது. அபே அரங்கின் நடிகராகிய ஷோன் கொனலி முதல் நாளிலேயே சுடப்பட்டிறந்தார். பியர்ஸ் மே 3ஆந் திகதியும், அதே பாடசாலையிற் கற்பித்த அவர் தம்பி வில்லியம் மறுநாளும் மரணதண்டனைக்கு உள்ளாயினர். பல ஆண்டுகளின் பின், தம் வாழ்வின் இறுதிக்காலத்திலே, யேற்ஸ் ஒரு கவிதையில் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்: தம் நாடகம் சிலரைச் சாவுக்கு அனுப்பியதோ என்று. அவர் விடை கூறவில்லை. அரைமணி நேர நாடகத்தை எழுதியவர் ஒருவர் முதுமையில் அதனை நினைத்து உறக்கமிழந்தார் என்றால், சிறு நாடகம் சிறிய காரியமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அரங்கோ நிலைத்தது. 1925இல் சுதந்திர அரசு அதற்கு நிதியுதவி வழங்கியது. 1951இல் பழைய கட்டடம் தீக்கிரையாயிற்று. 1966இல் அதே இடத்திற் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழாமற் போகவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940ஆம் ஆண்டிலே ‘நானாடகம்’ என்னும் நூலை வெளியிட்டார். நான்கு நாடகங்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே அமைந்தவை. அரசரும் முனிவரும் செந்தமிழிற் பேசிய மேடையிலே, உடையாரும் ஊரவரும் தத்தம் வாய்மொழியிற் பேசினர். மொழியறிஞராகிய அவர், கிறெகரி சீமாட்டியார் தம் ஊர்ப் பேச்சிற் கண்ட அழகைத் தம் ஊர்ப் பேச்சிலே கண்டார் என்று சொல்லலாம்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும், ஊர் மன்றங்களில் நாடகம் போடும் இளைஞருக்கும் ஒன்று கூற விரும்புகின்றேன். அடுத்த விழாவிலே ஒரு நாடகத்தை நிரப்பியாகச் செருகாமல், மூன்று நாடகங்களை ஒரு மாலையாகத் தொடுத்துப் பாருங்கள். ஒன்று பழங்கதையாக இருக்கட்டும். ஒன்று சிரிக்கவைக்கட்டும், அதிற் பேசுவோர் உங்கள் ஊரின் பேச்சையே பேசட்டும். ஒன்றை உங்கள் ஊரிலே வாழும் ஒருவர் புதிதாக எழுதட்டும். அவரை முன்வரிசையில் இருத்தாமல், அவையோரின் முகம் தெரியும் இடத்திலே, பக்கத் திரையின் ஓரமாக நிறுத்துங்கள். எங்கே இருமினார்கள், எங்கே மூச்சை அடக்கினார்கள் என்பதை அவர் பார்க்கட்டும். அடுத்த நாடகத்தை அவர் அங்கேயே எழுதத் தொடங்கிவிடுவார்.